'பரிசீலனையில் உள்ளது': ஒருபால் திருமணமும் ஒபாமாவின் பதினாறு ஆண்டுகளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்க நூலகத்துக்கு வந்து போகிறவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பத்திரிகைகள் கிடக்கும் மேஜையைச் சுற்றி ஐந்தாறு ஓய்வூதியக்காரர்கள் உட்கார்ந்திருப்போம். வாசிப்பது கொஞ்சம், வாதம் செய்வது அதிகம். 2023 அக்டோபர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணம் பற்றித் தீர்ப்புச் சொன்னதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

"அமெரிக்காவைப் பாருங்க சார், ஒபாமா ஒரே போடாப் போட்டுக் கொண்டு வந்துட்டார். இங்கே யாருக்கு அந்தத் தைரியம் இருக்கு?" என்றார் ஒருவர்.

எதிரே இருந்தவர் விடவில்லை. "எந்த ஒபாமாவைச் சொல்றீங்க? 2008ல வேண்டாம்னவரா, 2012ல வேணும்னவரா? குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. அரசியல்வாதி பேச்சு விடியறதுக்கு முன்னாடியே போச்சு!"

மேஜையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேர் சொன்னதும் முழுச் சரி இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒருபால் திருமணத்தை அமெரிக்கா முழுவதற்கும் சட்டமாக்கியது ஒபாமா அல்ல, அந்நாட்டு உச்ச நீதிமன்றம். ஒபாமா 'வேண்டாம்' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு மாறினார் என்பதும் பாதிக் கதைதான். 'வேண்டாம்' என்பதற்கு முன்பே ஒருமுறை அவர் 'வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்!

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கோப்பின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதக் கூடாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் இந்த ஒரு மனிதரின் கோப்பையும் தேதி வாரியாகப் புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் இக்கட்டுரை. ஒருபால் திருமணம் சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்துவது என் நோக்கம் அல்ல. ஒரு தலைவரின் கருத்து எப்படி மாறுகிறது, அது மாறும் வரை காத்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதே இங்கே விஷயம்.

முதல் பக்கம்: 1996

1996 பிப்ரவரி மாதம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் சாசனச் சட்டம் நடத்திக்கொண்டிருந்த 34 வயது வழக்கறிஞர் பராக் ஒபாமா, இல்லினாய் மாநில செனட் சபைக்குப் போட்டியிட நிற்கிறார். அந்நகரின் தன்பால் ஈர்ப்பாளர்களுக்காக நடந்துவந்த 'அவுட்லைன்ஸ்' என்ற பத்திரிகை வேட்பாளர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறது. ஒபாமா தட்டச்சில் பதில் அனுப்புகிறார். ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்குவதை ஆதரிக்கிறேன், அதைத் தடை செய்ய வரும் முயற்சிகளை எதிர்த்துப் போராடுவேன் என்பது அந்தப் பதில். கீழே கையெழுத்து.

அன்றைக்கு அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அத்தகைய திருமணம் செல்லாது. உலகத்திலேயே எந்த நாட்டிலும் செல்லாது. முதல் நாடான நெதர்லாந்து 2001இல்தான் சட்டம் செய்தது. காலப் நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பில் ஆதரித்தவர்கள் 27 சதவீதம், எதிர்த்தவர்கள் 68 சதவீதம். ஆகவே கேள்விப்பட்டதும் 'அடேயப்பா, என்ன துணிச்சல்' என்றுதான் தோன்றும்.

ஆனால் தொகுதியையும் பார்க்க வேண்டும். ஒபாமா வசித்த ஹைட் பார்க், பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த, தாராளப் போக்கு உள்ளவர்கள் நிறைந்த பகுதி. அங்கே அந்தப் பதில் எழுதுவதால் ஓட்டுப் போய்விடாது. சட்டசபையில் அப்படி ஒரு மசோதா வரப்போவதும் இல்லை. விலை கொடுக்காமல் வாங்கிய துணிச்சல் என்றே நான் குறிப்பு எழுதுவேன்.

அதே வருடம் செப்டம்பரில் நாடு எதிர்த்திசையில் நகர்ந்தது. அதற்குக் காரணம் ஒபாமா பிறந்த ஹவாய். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் திருமண உரிமம் மறுப்பது பாரபட்சம் ஆகலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1993இல் சொல்லியிருந்தது. ஹவாயில் நடக்கும் திருமணத்தை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டிவருமோ என்ற பயத்தில் 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' பிறந்தது. ஒரு மாநிலத்தில் நடந்த ஒருபால் திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டியதில்லை, மத்திய அரசின் கண்ணில் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் செய்துகொள்வது மட்டுமே, இவையே அச்சட்டத்தின் சாரம். பிரதிநிதிகள் சபையில் 342க்கு 67, செனட்டில் 85க்கு 14. கையெழுத்திட்டவர் ஒபாமாவின் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி கிளிண்டன். ஆதரித்து வாக்களித்த செனட்டர்களில் ஒருவர் ஜோ பைடன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'ஆம்' எப்படி 'இல்லை' ஆயிற்று

இரண்டு வருடம் கழித்து, 1998இல், அதே பத்திரிகை மறுபடியும் கேட்டது. ஒருபால் திருமணம் பற்றி இந்த முறை ஒபாமா எழுதிய பதில்: இன்னும் முடிவு செய்யவில்லை.

2004இல் அவர் அமெரிக்க செனட் சபைக்குப் போட்டியிட்டார். இப்போது ஹைட் பார்க் மட்டும் போதாது. தெற்கே உள்ள விவசாய ஊர்கள், சிறு பட்டணங்கள், கறுப்பின மக்களின் தேவாலயங்கள் என்று இல்லினாய் முழுவதும் வாக்குக் கேட்க வேண்டும். காலமும் சூடானது. 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு உரிமை உண்டு என்றது. 2004 மே 17 அன்று அங்கே திருமணங்கள் நடந்தன. அதே வருடம் நவம்பர் தேர்தல் நாளில் 11 மாநில மக்கள் தத்தம் அரசியல் சாசனத்தில் தடை எழுத வாக்களித்தார்கள்.

இந்தச் சூட்டில்தான் ஒபாமா, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் நடப்பது, அது தெய்வ சந்நிதியில் நடக்கும் காரியம், என் மத நம்பிக்கை அப்படி என்று பேட்டி கொடுத்தார். 'திருமணம்' என்ற பெயரில்லாமல் அதன் உரிமைகளில் பலவற்றைத் தரும் சிவில் யூனியன் என்ற பதிவு முறை போதும் என்றார். 'திருமணம்' என்ற சொல்லுக்கு வாக்காளர் பலர் மனத்தில் மதச்சாயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு உரிமைகளைப் பெறுவதுதான் காரிய சாத்தியம் என்ற கணக்கையும் அவர் மறைக்கவில்லை.

மத நம்பிக்கையைக் காரணம் சொன்னதில் ஒரு முரண் இருக்கிறது. அவர் 2008 வரை உறுப்பினராக இருந்த சிகாகோ தேவாலயம் 'யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட்' என்ற சபைப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவின் பொதுச்சபை 2005 ஜூலையிலேயே ஒருபால் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டுவிட்டது! சேர்ந்திருந்த சபை 'ஆம்' என்றது. உறுப்பினர் நம்பிக்கையைச் சொல்லி 'இல்லை' என்றார்.

இன்னொன்றும் உண்டு. ஒபாமாவின் தந்தை கென்யாவிலிருந்து வந்த கறுப்பர், தாய் கன்சாஸில் பிறந்த வெள்ளையர். 1961இல் ஹவாயில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. அங்கே தடை இல்லை. ஆனால் அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் அவர்கள் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் குற்றம். 1967 ஜூனில் 'லவ்விங்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோதும் 16 மாநிலங்களில் அது சட்டமாக இருந்தது. எந்தத் திருமணம் செல்லும் என்று பெரும்பான்மை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை இவர் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை, சொந்த வீட்டிலேயே இருந்தது.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று சொன்ன காலத்திலும் அவர் கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. 1996இன் திருமணப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்க வேண்டும் என்றார். ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் தடுக்க அமெரிக்க அரசியல் சாசனத்தையே திருத்தும் முயற்சி 2006 ஜூனில் செனட்டுக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்தார். அதே வருடம் வந்த 'தி அடாசிட்டி ஆஃப் ஹோப்' நூலில் ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். வானொலியில் அவர் மதத்தைக் காரணம் காட்டிப் பேசியது தன்னைப் புண்படுத்தியது என்று அவரை ஆதரித்த ஒரு தன்பால் ஈர்ப்புப் பெண் சொன்னாராம். தன் நிலை தவறாக இருக்கக்கூடும் என்பதையும் அங்கே ஒப்புக்கொள்கிறார். முழு மனதோடு 'இல்லை' சொல்கிறவர் எழுதும் பக்கம் அல்ல அது.

ஒரே இரவில் இரண்டு முடிவுகள்

2008 ஆகஸ்ட் 16. ஜனாதிபதி வேட்பாளர் ஒபாமா, கலிபோர்னியாவில் ரிக் வாரன் என்ற போதகரின் சேடில்பேக் தேவாலயத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது, கிறிஸ்தவனான எனக்கு அது புனிதமானது, கடவுளும் அதில் சேர்ந்திருக்கிறார் என்றார். அரங்கத்தில் கைதட்டல். ஆனால் இதைச் சாசனத் திருத்தமாக எழுதுவதை ஆதரிக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த நவம்பரில் கலிபோர்னியா மக்கள் முன் 8ஆம் முன்மொழிவு இருந்தது. அம்மாநிலத்தில் மே மாதத் தீர்ப்பால் வந்த ஒருபால் திருமண உரிமையை ரத்துசெய்ய வேண்டும் என்பதே அது. ஒபாமா அதை எதிர்த்தார். 'எனக்கு ஒருபால் திருமணத்தில் சம்மதம் இல்லை, ஆனால் அதைத் தடுப்பதிலும் சம்மதம் இல்லை' என்ற நிலை சாமானிய வாக்காளர் காதில் எப்படி விழும்? நவம்பர் 4 இரவு அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதி தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே இரவில், அவருக்குப் பெரும் வெற்றி கொடுத்த கலிபோர்னியா 52 சதவீத வாக்கில் 8ஆம் முன்மொழிவையும் நிறைவேற்றியது. தெருவில் ஆடிப்பாடியவர்களில் சிலர் நள்ளிரவுக்கு முன் அழுதார்கள் என்று அன்றைய செய்திகளில் படித்தோம்.

பரிசீலனைக் காலம்

அரசாங்க அலுவலகத்தோடு சம்பந்தம் உள்ளவர்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்ற இரண்டு சொற்களின் முழுப் பொருளும் தெரியும். மறுக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை.

2009 ஜூனில், திருமணப் பாதுகாப்புச் சட்டம் தவறு என்று சொல்லிவந்த ஒபாமாவின் நீதித்துறையே அச்சட்டத்தை ஒரு வழக்கில் ஆதரித்து மனு போட்டது. அந்த மனுவில் நம் தமிழர் கண்ணில் படவேண்டிய ஒரு இடம் இருக்கிறது. ஓரிடத்தில் செல்லும் திருமணத்தை இன்னோரிடம் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு முன்னுதாரணமாக, இத்தாலியில் நடந்த ஒரு மாமன் - மருமகள் திருமணத்தைக் கனெக்டிகட் மாநிலம் ஏற்க மறுத்த 1961ஆம் வருடத் தீர்ப்பைக் காட்டியிருந்தார்கள். தன்பால் ஈர்ப்பாளர்கள் கொதித்துப் போனார்கள், எங்களை முறைகேடான உறவோடு ஒப்பிடுகிறீர்களா என்று. நமக்கோ சிரிப்பதா யோசிப்பதா என்று தெரியவில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்வது நம்மில் எத்தனை குடும்பங்களில் நடந்த முறையான கல்யாணம்! ஓரிடத்து முறை இன்னோரிடத்து முறைகேடு. திருமணத்துக்கு எல்லா ஊருக்கும் பொதுவான, மாறாத ஓர் உருவம் உண்டு என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் போட்டுப் பார்க்கலாம்.

2010 அக்டோபரில் சில இணைய எழுத்தாளர்கள் ஒபாமாவிடம் நேருக்கு நேர் கேட்டார்கள். மனப்போக்குகள் மாறிவருகின்றன, என்னுடையதும் அப்படித்தான் என்றார். டிசம்பர் 22 அன்று, தன்பால் ஈர்ப்பாளர்கள் தம்மை வெளிப்படுத்திக்கொண்டு ராணுவத்தில் பணிசெய்ய இருந்த தடையை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். திருமணம் பற்றிக் கேட்டபோது, என் எண்ணம் மாறிக்கொண்டே இருக்கிறது, இதோடு நான் மல்லாடுகிறேன் என்றார். பத்திரிகைகளில் இந்த 'மாறிக்கொண்டிருக்கிறது' கேலிப் பொருள் ஆயிற்று.

ஆனால் கேலிக்கு நடுவே முக்கியமான ஒரு கோப்பு நகர்ந்தது. 2011 பிப்ரவரி 23 அன்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் காங்கிரசுக்கு எழுதினார்: திருமணப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சாசனத்துக்கு முரணானது என்று ஜனாதிபதி முடிவு செய்துவிட்டார், இனி நீதித்துறை அதை ஆதரித்து வாதாடாது. தன் வாயால் 'ஆம்' சொல்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே ஒபாமா செய்த காரியம் இது. அவர் சொன்ன எதையும்விட இது பெரிது என்பது என் கருத்து. அதே மே மாதம் காலப் கணிப்பில் ஆதரவு முதன்முறையாகப் பாதியைத் தாண்டி 53 சதவீதம் ஆனது.

நான்கு நாட்கள்: 2012 மே

2012 மே 6, ஞாயிறு. துணை ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடன் தொலைக்காட்சியில், ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் மணந்து அதே உரிமைகளைப் பெறுவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை என்று சொல்லிவிட்டார். 1996இல் எதிராக வாக்களித்த அதே பைடன்! மே 8 செவ்வாயன்று வட கரோலினா மக்கள் 61 சதவீத வாக்கில் தங்கள் சாசனத்தில் தடையை எழுதினார்கள். மே 9 புதனன்று ஒபாமா, ஏபிசி தொலைக்காட்சியின் ராபின் ராபர்ட்ஸிடம், ஒருபால் இணையர்கள் திருமணம் செய்துகொள்ள முடிய வேண்டும் என்று நான் கருதுகிறேன் என்றார். பதவியில் இருக்கும் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை.

அன்று அவர் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். தம்மோடு வேலை செய்யும் தன்பால் ஈர்ப்பாளர்கள் குழந்தைகளை வளர்ப்பதைப் பார்க்கிறேன். நாட்டுக்காகச் சண்டை போடும் வீரர்கள் திருமணம் மட்டும் செய்ய முடியாமல் இருக்கிறார்கள். என் மகள்களின் தோழமைகளில் சிலருக்கு ஒரே பால் பெற்றோர், அவர்களை வேறு மாதிரி நடத்தலாம் என்பது என் பெண்களுக்குப் புரியவே இல்லை. கடைசியாக, பிறர் உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறாயோ அப்படிப் பிறரை நடத்து என்ற கிறிஸ்தவ போதனை. எட்டு வருடம் முன்பு 'இல்லை' சொல்ல எந்த மதம் காரணமாக இருந்ததோ, அதே மதம் இப்போது 'ஆம்' சொல்லக் காரணம் ஆயிற்று!

அன்றும்கூட மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்றுதான் சொன்னார். சாசனப்படி எல்லா மாநிலத்துக்கும் இந்த உரிமை உண்டு என்று அவர் சொன்னது 2014இல்தான்.

தலைவர் பேசினால் பலன் உண்டா? பத்து நாளில், மே 19 அன்று, கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் நிர்வாகக் குழு ஒருபால் திருமணத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அந்த நவம்பரில் மேரிலாண்ட், மெய்ன், வாஷிங்டன் மாநில மக்கள் வாக்கெடுப்பில் அதை ஏற்றார்கள். மக்கள் வாக்கில் இப்படி ஒரு வெற்றி அதுவரை எந்த மாநிலத்திலும் கிடைத்ததில்லை. எல்லாம் ஒபாமாவால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறுப்பினத் தேவாலயங்களில் அவர் பேச்சுக்கு இருந்த எடை வேறு யார் பேச்சுக்கும் இருந்திருக்காது.

காத்திருந்தவர்கள்

இதுவரை பார்த்தது குறிப்புப் பக்கம். கோப்பில் மனு என்று ஒன்று இருக்குமே, அதைக் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டாமா?

நியூயார்க்கில் எடித் வின்ஸர், தியா ஸ்பையர் என்று இரண்டு பெண்கள். 1967இலேயே தங்களுக்குள் நிச்சயம் செய்துகொண்டார்கள். மோதிரம் போட்டால் 'மாப்பிள்ளை யார்' என்று அலுவலகத்தில் கேட்பார்கள் என்று மோதிரத்துக்குப் பதிலாக வைர ஊசி ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டார்களாம். நாற்பது வருடம் கழித்து, 2007இல், கனடாவின் டொராண்டோவுக்குப் போய்ச் சட்டப்படி மணந்தார்கள். 2009 பிப்ரவரியில், ஒபாமா பதவியேற்ற இரண்டே வாரத்தில், தியா இறந்தார். அவர் விட்டுப்போன சொத்துக்கு எடித் 3,63,053 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. தியா என்பவர் ஆணாக இருந்திருந்தால் வரி ஒரு காசுகூட இல்லை. நாற்பது வருடத் துணை, சட்டத்தின் கண்ணில் வேற்றாள்.

எடித் வழக்குப் போட்டார். நீதித்துறை திருமணப் பாதுகாப்புச் சட்டத்தை ஆதரிப்பதைக் கைவிட்ட அந்த 2011 முடிவுக்கு அவருடைய வழக்கும் ஒரு காரணம். 2013 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவை ரத்துசெய்தது. எடித்துக்கு அப்போது வயது 84.

அடுத்து ஓஹையோவின் ஜிம் ஓபர்கெஃபெல். நரம்பு நோயால் படுத்த படுக்கையாக இருந்த துணைவர் ஜான் ஆர்தரை 2013 ஜூலையில் மருத்துவ விமானத்தில் மேரிலாண்டுக்குக் கொண்டுபோய், விமான நிலையத் தளத்தில், விமானத்துக்குள்ளேயே மணந்தார். அக்டோபரில் ஜான் இறந்தார். அவருடைய இறப்புச் சான்றிதழில் உயிரோடு இருக்கும் துணை என்ற இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் ஜிம் கேட்டது. 2015 ஜூன் 26 அன்று, மறுபடியும் 5க்கு 4 கணக்கில், நாடு முழுவதும் ஒருபால் திருமணம் உரிமை ஆயிற்று. அன்று இரவு வெள்ளை மாளிகையில் வானவில் நிற விளக்குகள். மனுக் கொடுத்த ஜான் ஆர்தர் அதைப் பார்க்கவில்லை.

ஓர் இறப்புச் சான்றிதழில் ஒரு வரிக்கு இத்தனை பாடா என்று சிலர் கேட்கலாம். என் சர்வீஸில் ஒரு சம்பவம். குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மா எங்கள் செக்‌ஷனுக்கு வந்துகொண்டே இருந்தார். கணவர் கடைநிலை ஊழியர். கோயிலில் தாலி கட்டியவர், பதிவு செய்யவில்லை, சர்வீஸ் புத்தகத்திலும் மனைவி பெயரை எழுதிக் கொடுக்காமலே போய்விட்டார். சாட்சிகளும் ஊரில் இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று நானே என் கையால் மூன்று முறை பதில் கடிதம் தயாரித்திருக்கிறேன். நாலாவது வருடம் ஆணை வந்தபோது அந்த அம்மா நடக்க முடியாமல், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது தம்பி" என்று என்னைக் கும்பிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. எங்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல. விதியை மீறவும் இல்லை. ஆனால் அந்த நாலு வருடம் எங்களுக்கு ஒரு கோப்பு, அவருக்கு அடுப்பு.

உள்ளே இருந்தது எது?

இனி கடைசிக் கேள்வி. 2004இல் ஒபாமா சொன்ன 'இல்லை' உண்மையான நம்பிக்கையா, தேர்தல் கணக்கா?

அவருடைய நெருங்கிய ஆலோசகர் டேவிட் ஆக்ஸல்ராட் 2015இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில், கறுப்பினத் தேவாலயங்களின் எதிர்ப்பை எண்ணி, ஒபாமா தம் உண்மைக் கருத்தை மறைத்துச் சிவில் யூனியன் என்று பேசச் சம்மதித்தார் என்று எழுதினார். ஒபாமா அதை மறுத்தார். என் தனிப்பட்ட உணர்வையும் கொள்கை நிலையையும் ஆக்ஸல்ராட் குழப்பிக்கொண்டார், சிவில் யூனியன் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன், அது போதாது என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்லக் கேட்டுப் புரிந்துகொண்டேன் என்பது அவர் விளக்கம்.

கோப்பைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1996இன் கையெழுத்து இருக்கும்வரை ஒபாமாவின் விளக்கத்தை முழுசாக ஏற்க முடியவில்லை. 27 சதவீதம் பேர் ஆதரித்த காலத்தில் 'ஆம்' என்றவர், ஆதரவு 42 சதவீதமாக வளர்ந்த 2004இல் 'இல்லை' என்றார், 50 ஆனபோது மறுபடி 'ஆம்' என்றார். நாடு மாறியதோடு அவர் நிற்கும் மேடையும் மாறியது. ஆனால் நம் நூலக நண்பர் சொன்ன மாதிரி 'விடிஞ்சா போச்சு' என்று தள்ளவும் முடியவில்லை. 'இல்லை' என்று சொன்ன காலத்திலும் தடைச் சட்டங்களை எதிர்த்தார். வாய் 'பரிசீலனை' என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே கை 2011 முடிவைச் செய்தது. ஒரு மனிதரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும் வித்தை வரலாற்றுக்குத் தெரியாது. எந்தத் தேதியில் எந்தக் கதவைத் திறந்தார், எதைச் சாத்தாமல் விட்டார் என்பதைத்தான் அது எழுதி வைக்க முடியும். அந்த அளவில் ஒபாமா முன்னால் நடந்த தலைவரும் அல்ல, வழியை மறித்தவரும் அல்ல. எடித் வின்ஸர்கள் தள்ளியபோது திறந்துகொண்ட கதவு அவர்.

கிளிண்டன், தாம் கையெழுத்திட்ட சட்டத்தை ரத்துசெய்யுங்கள் என்று 2013 மார்ச்சில் தாமே பத்திரிகையில் எழுதினார். 1996இல் அச்சட்டத்துக்கு வாக்களித்த பைடன், ஜனாதிபதியாகி 2022 டிசம்பர் 13 அன்று அதை முழுவதும் நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாக்குக்கும் கையெழுத்துக்கும் நடுவே 26 வருடம்.

நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிய பாடம் அல்ல. புரோகிதர் இல்லாமல், அக்கினி வலம் வராமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டசபை சட்டம் செய்து, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. அமெரிக்காவில் 'லவ்விங்' தீர்ப்பு வந்ததும் அதே 1967. எடித்தும் தியாவும் நிச்சயம் செய்துகொண்டதும் அதே வருடம். இடையில் இருந்த வருடங்களில் தங்கள் கல்யாணம் கல்யாணமா என்ற கேள்வியோடு வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இப்போது நம் தில்லிக்கு வருவோம். 2023 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். இணையர்களின் சிரமங்களை ஆராயக் குழு அமைப்பதாக மத்திய அரசு சொன்னதையும் பதிவு செய்தார்கள். ஒரே ரேஷன் கார்டில் ஒரு குடும்பமாகச் சேரலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கித் துணையை நியமனதாரராக எழுதலாம் என்ற விளக்கங்கள் 2024இல் வந்தன. மறுஆய்வு மனுக்களை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கோப்பு இனி நாம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் மேஜையில்.

அவர்கள் ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், ஒபாமாவைப் போல மாறவும் செய்யலாம். மாறுவது குற்றம் அல்ல, மாறாமலே இருப்பது பெருமையும் அல்ல. அடுத்த ஞாயிறு நூலகத்தில் என் நண்பர்களிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான். "அவர் ஏன் மாறினார்னு இவ்வளவு நேரம் பேசினோமே சார், அவர் மாறுகிறவரைக்கும் வெளி பெஞ்சில உட்கார்ந்திருந்தது யாருன்னு ஒரு தடவையாவது கேட்டோமா?"